கூப்பிட்ட குரலுக்கு யார் வருவார்? – மருத்துவமனை அழைப்பு மணியின் வரலாறு



அடுத்த முறை யாரையாவது பார்க்க மருத்துவமனைக்குப் போனால், அறைக்குள் நுழையும் முன் கதவுக்கு மேலே ஒருமுறை பாருங்கள். சின்னதாக ஒரு விளக்கு பொருத்தியிருப்பார்கள். உள்ளே கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஒயர் தொங்கும். அதன் நுனியில் ஒரு பொத்தான். நோயாளி அதை அழுத்தினால் கதவுக்கு மேலே விளக்கு எரியும், நர்ஸ் உட்காரும் இடத்தில் மணி அடிக்கும், அங்கிருக்கும் பலகையில் அறை எண் தெரியும்.

பார்த்தால் நம் வீட்டு காலிங் பெல் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் வீட்டு காலிங் பெல் அடித்து ஓய்ந்தால் அதோடு சரி. அடித்தவர் வாசலில் நிற்கிறாரா, போய்விட்டாரா என்பது அதற்குத் தெரியாது. மருத்துவமனை விளக்கு அப்படி ஓயாது. ஒருவர் வந்து கவனிக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கதையை நம் இதழில் எழுதக் காரணம் இருக்கிறது. சென்ற பொதுக்குழுவில், தனியாக வசிக்கும் மூத்தவர்களின் வீடுகளில் அவசர அழைப்புப் பொத்தான் வைக்கலாமா என்ற பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எத்தனை பொத்தான், என்ன விலை, செலவை மெயின்டனன்ஸில் சேர்ப்பதா தனியாக வாங்குவதா என்று அரை மணி நேரம் பேசினோம். பொத்தானை அழுத்தினால் யார் வருவார் என்பதை மட்டும் யாரும் அதிகம் கேட்கவில்லை. மருத்துவமனைகள் இந்தக் கேள்வியோடு சுமார் 170 ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகின்றன. அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே!

மணி இல்லாத வார்டு

முதலில் ஒரு விஷயம். நோயாளி இருக்கும் இடமெல்லாம் மணி தேவைப்பட்டதில்லை. பழைய மருத்துவமனைகளின் பொது வார்டு ஒரு நீளமான கூடம். இரு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள், நடுவே நடைபாதை. லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே, தேம்ஸ் நதியின் அக்கரையில் 1871-இல் திறக்கப்பட்ட புனித தாமஸ் மருத்துவமனை இந்த அமைப்புக்குப் பேர்போனது. ஒரு கூடத்தில் சுமார் 30 கட்டில்கள். நர்ஸ் நின்ற இடத்திலிருந்து அத்தனை பேரையும் பார்க்கலாம். நோயாளி கையைத் தூக்கினால் போதும், வாய்விட்டுக் கூப்பிடக்கூட வேண்டாம். அவரால் கை தூக்க முடியாவிட்டால் பக்கத்துக் கட்டில்காரர் கூப்பிடுவார். நம் அரசு மருத்துவமனைகளின் பொது வார்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த அமைப்பில் மறைவு இல்லை, அமைதி இல்லை, தொற்று பரவும் பயமும் உண்டு. ஆனால் யார் கண்ணிலும் படாமல் ஒருவர் துன்பப்படுவது அரிது. நடுவே சுவர் எழுப்பி அறை அறையாகப் பிரித்ததும் இந்த ஒரு வசதி போய்விட்டது. நர்ஸின் கண் எட்டாத இடத்தில் நோயாளி. அந்தக் குறையைச் சரிக்கட்ட வந்ததுதான் மணி.

மாளிகையிலிருந்து வந்த கம்பி

மணியின் மூலம் மருத்துவமனை அல்ல. இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் வேலைக்காரர்களைக் கூப்பிட வைத்திருந்த ஏற்பாடு அது. மாடி அறையில் ஒரு பிடி இருக்கும். அதை இழுத்தால், சுவருக்குள் ஓடும் கம்பி மூலை மூலையாகத் திரும்பிக் கீழ்த்தளம் வரை போய் அங்கே ஒரு மணியை ஆட்டும். கீழே ஒவ்வோர் அறைக்கும் ஒரு மணி, வரிசையாக. மணிகளைச் சுருள்வில்லில் தொங்கவிட்டிருப்பார்கள். சத்தம் நின்ற பிறகும் சற்று நேரம் மணி ஆடிக்கொண்டிருக்கும். தாமதமாக வந்து பார்க்கும் வேலையாளுக்கு எது அடித்தது என்று அந்த ஆட்டம் காட்டிக் கொடுக்கும்.

ஆட்டமும் நின்றுவிட்டால்? யார் கூப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது. மாளிகையில் எஜமானர் இன்னொரு முறை இழுப்பார், கொஞ்சம் திட்டவும் செய்வார். மூச்சு வாங்கும் நோயாளிக்கு இரண்டாம் முறை இழுக்கத் தெம்பு இருக்க வேண்டுமே.

ஹார்லி தெரு, 1853

இந்தச் சிக்கலை நேராகப் பிடித்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். கையில் விளக்கோடு வரும் படத்தில்தான் அவரை நமக்குத் தெரியும். அது கிரிமியப் போரின்போது. அதற்கு முந்தைய ஆண்டு, 1853 ஆகஸ்டில், லண்டன் ஹார்லி தெருப் பகுதியில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் பொறுப்பை அவர் ஏற்றார். அப்போது அவருக்கு 33 வயது. வேலையில் சேரும் முன்பே கட்டடத்தில் என்னென்ன மாற வேண்டும் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதினார்.

அவர் கேட்டவை மூன்று. ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் வெந்நீர் வர வேண்டும். சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு லிஃப்ட் வேண்டும். மூன்றாவது, மணி. ஒவ்வொரு நோயாளியின் மணியும் அதே மாடியில், நர்ஸின் அறை வாசலுக்கு வெளியே ஒலிக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு சிறு தகடு இருக்க வேண்டும். மணி அடித்ததும் அது திறந்து, திறந்தபடியே நிற்க வேண்டும். நர்ஸ் எப்போது வந்து பார்த்தாலும் கூப்பிட்டது யார் என்று தெரிய வேண்டும்.

இவை இல்லாவிட்டால் நர்ஸின் வேலை மாடிப்படி ஏறி இறங்குவதாகவே முடிந்துவிடும் என்பது அவர் வாதம். படியேறும் கால்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, நோயாளியைக் கவனிக்கும் கண்ணையும் கையையும் வீணாக்குகிறோம் என்று அவர் கணக்குப் போட்டார்.

அந்தத் தகட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அழைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பை அது நோயாளியிடமிருந்தும் நர்ஸிடமிருந்தும் எடுத்து, கருவியிடம் கொடுத்துவிட்டது. நோயாளி ஒருமுறை கூப்பிட்டால் போதும். இன்றைக்குக் கணினித் திரையில் ஒளிரும் அறை எண் வரை எல்லாமே அந்தத் தகட்டின் வாரிசுகள்தான்.

மின்சாரம் வந்தது

1866-இல் ஜார்ஜ் லெக்லான்ஷே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு மின்கலத்தைக் கண்டுபிடித்தார். விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் மட்டும் மின்சாரம் தேவைப்படும் வேலைக்கு அது மிகப் பொருத்தம். மணி அடிப்பது அப்படிப்பட்ட வேலைதானே? சுவருக்குள் கம்பியை இழுத்து முறுக்கித் திருப்பும் தொல்லை போய், மெல்லிய ஒயரும் பொத்தானும் வந்தன. கீழே வரிசை மணிகளுக்குப் பதிலாக ஒரே மணியும் ஒரு பலகையும். எந்த அறையிலிருந்து அழைப்போ அந்த எண்ணுள்ள சிறு தகடு விழுந்து நிற்கும். ஹோட்டல்களிலும் பெரிய வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் இந்தப் பலகை பரவியது.

ஆனால் மணி என்றால் சத்தம். இரவில் ஒருவர் அடித்தால் பத்துப் பேர் விழித்துக்கொள்வார்கள். வேண்டாத சத்தம் நோயாளியை எவ்வளவு வதைக்கும் என்று நைட்டிங்கேலே 1859-இல் வெளியான தம் நர்ஸிங் குறிப்புகள் நூலில் ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். மின்விளக்கு வந்ததும் இதற்கு வழி பிறந்தது. சத்தத்தின் வேலையில் பெரும்பகுதியை வெளிச்சம் எடுத்துக்கொண்டது.

அது இயங்கும் விதம் எளிமையானது. பொத்தானை அழுத்தினால் ரிலே என்ற ஒரு மின்காந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொள்ளும். விரலை எடுத்தாலும் விடாது. அது ஒட்டியிருக்கும் வரை கதவுக்கு மேலே விளக்கு எரியும். தாழ்வாரம் திரும்பும் மூலையிலும் ஒரு விளக்கு எரியும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். நர்ஸின் மேஜைப் பலகையிலும் தெரியும். அணைக்க வேண்டுமானால் கட்டிலருகே உள்ள இன்னொரு பொத்தானை அழுத்தி ரிலேயை விடுவிக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். அணைக்கும் பொத்தானை நர்ஸின் மேஜையிலேயே வைத்திருந்தால் வேலை சுலபம். ஆனால் இரவு மூன்று மணிக்கு, ஏழாவது முறையாக விளக்கு எரியும்போது, களைத்துப்போன ஒருவர் கை தானாக நீண்டு அதை அணைத்துவிடும். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, மனித இயல்பு அது. அதனால்தான் விளக்கை அணைக்க வேண்டுமானால் நோயாளியின் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள்.

இன்று அமெரிக்காவில் யூஎல் 1069, ஜெர்மனியில் விடிஇ 0834 என்று இதற்கென்றே தர விதிகள் உள்ளன. பேசும் வசதி உள்ள இடங்களில் தண்ணீர் கேட்பது போன்ற சாதாரண அழைப்பைப் பேசி முடிக்க இடம் உண்டு. கழிவறை அழைப்பையும் அவசர அழைப்பையும் அந்த இடத்துக்கே போய்த்தான் அணைக்க முடியும். இன்னொரு நுட்பமும் உண்டு. கட்டிலை நகர்த்தும்போது பொத்தானின் ஒயர் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால், அதையே ஓர் அழைப்பாக எடுத்துக்கொண்டு விளக்கு எரியும். கருவி கெட்டுப்போனதும் யாருக்கும் தெரியாமல் ஊமையாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக.

கழிவறையில் பொத்தானுக்குப் பதில் சிவப்புக் கயிறு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விழுந்தவர் தரையில் கிடப்பார். சுவரில் நாலடி உயரத்தில் இருக்கும் பொத்தான் அவருக்கு எட்டாது. பிரிட்டனின் கட்டட வழிகாட்டிப்படி அந்தக் கயிற்றில் இரண்டு வளையங்கள் இருக்க வேண்டும். ஒன்று தரையிலிருந்து 80 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில், உட்கார்ந்திருப்பவருக்கு. மற்றொன்று வெறும் 10 சென்டிமீட்டர் உயரத்தில், கிடப்பவருக்கு.

பேசும் சுவர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மருத்துவமனைகள் வேகமாகப் பெருகின. 1946-இல் வந்த ஹில்-பர்ட்டன் சட்டம் அதற்கு அரசுப் பணம் கொடுத்தது. பெரிய கூடங்கள் குறைந்து, ஓரிரு கட்டில் போட்ட அறைகள் பெருகின. தாழ்வாரம் நீண்டது, நர்ஸ் நடக்கும் தூரமும் நீண்டது. ஒரு அழைப்புக்கு இரண்டு நடை: என்ன வேண்டும் என்று கேட்க ஒரு நடை, அதை எடுத்துவர இன்னொரு நடை. ஹார்லி தெருவின் மாடிப்படி வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டது.

அதற்கு மாற்றாக வந்தது தலைமாட்டு ஒலிபெருக்கி. நம் இன்டர்காம் போலத்தான். நர்ஸ் தம் இடத்திலிருந்தே “என்ன வேணும்மா?” என்று கேட்கலாம். ஒரு நடை மிச்சம். ஆனால் காது மந்தமானவருக்கு அது கரகரப்புச் சத்தம். மயக்கம் தெளியாதவருக்குச் சுவர் பேசுவது போல ஒரு குழப்பம். பேச்சே வராதவருக்கு அது இருந்தும் இல்லாத மாதிரி. கூச்சப்படும் விஷயத்தை, பக்கத்துக் கட்டில்காரர் கேட்க, சுவரைப் பார்த்துச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

இங்கே ஒருவரைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை, முதுகுத்தண்டு அடிபட்டுக் கைகால் அசையாதவர்களைக் கவனிப்பதில் பெயர் பெற்றது. நோயாளிகளைப் பார்க்கப் போய்வந்துகொண்டிருந்த ரெக் மேலிங் என்பவர், அவர்களால் மணி அடிப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியவில்லை என்பதைக் கவனித்தார். மணிக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று: “வா.” குளிர்கிறது, வலிக்கிறது, மகளுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

1960-களின் தொடக்கத்தில் மேலிங்கும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு கருவியை உருவாக்கினார்கள். வாயில் ஒரு குழாய். மெல்ல ஊதினாலும் உறிஞ்சினாலும் அதைக் கொண்டு மணி அடிக்கலாம், விளக்குப் போடலாம், தட்டச்சு இயந்திரத்தையே இயக்கலாம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்குப் ‘போசம்’ என்று பெயர் வந்தது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘என்னால் முடியும்’ என்று பொருள். இன்று பேச இயலாதவர்கள் கண்ணசைவால் திரையில் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் அல்லவா, அந்த வரிசையில் முன்னோடிகளில் ஒன்று இது.

இயந்திரம் கூப்பிடத் தொடங்கியபோது

1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இருந்த மூச்சுக் கருவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அழுத்துவதற்கு ஆள்? சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்து வந்து, இரவும் பகலும் கட்டிலருகே உட்கார்ந்து அழுத்தினார்கள். தொண்டையில் துளை இருப்பதால் நோயாளியால் பேச முடியாது, மணி அடிக்கக் கையும் இல்லை. மாணவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்! அதைவிடச் சிறந்த அழைப்பு ஏற்பாடு இன்றுவரை வரவில்லை.

அந்த அனுபவத்திலிருந்து அடுத்த ஆண்டே அந்நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது. நாளடைவில் மாணவரின் இடத்துக்கு இயந்திரங்கள் வந்தன. இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சலைன் பம்ப் என ஒவ்வொன்றும் நோயாளிக்குப் பதிலாகத் தானே கூப்பிடத் தொடங்கின. நினைவிழந்தவருக்கு இது உயிர்காக்கும் உதவி, சந்தேகமில்லை. ஆனால் ஒட்டிய பட்டை கழன்றாலும் கூப்பிடும், நோயாளி புரண்டு படுத்தாலும் கூப்பிடும்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் கூட்டு ஆணையம் 2013 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இத்தகைய ஒலிகளில் 85 முதல் 99 சதவீதம் வரை, சிகிச்சை நடவடிக்கை எதுவும் தேவைப்படாதவை என்ற மதிப்பீடு அதில் இருந்தது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை ஒலி எச்சரிக்கை தொடர்பாக 98 சம்பவங்கள் அதனிடம் பதிவாகியிருந்தன. அவற்றில் 80 மரணத்தில் முடிந்தவை. ஓயாமல் அடிக்கும் மணி காதுக்குப் பழகிவிடுகிறது. சிலர் ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள், சிலர் அணைத்தே விடுகிறார்கள். ‘புலி வருது’ கதை நமக்குப் புதிதா என்ன? இரவில் ஒரு காரின் அலாரம் அலறும்போது நம்மில் எத்தனை பேர் பால்கனிக்கு வந்து பார்க்கிறோம்?

கூப்பிடும் முன் வருவது

2006-இல் அமெரிக்க நர்ஸிங் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 14 மருத்துவமனைகளின் 27 பிரிவுகளில் செய்தது. கருவி எதையும் மாற்றவில்லை. சில பிரிவுகளில் பகலில் மணிக்கு ஒருமுறை யாராவது ஒருவர் ஒவ்வொரு நோயாளியிடமும் போனார். வலி இருக்கிறதா, கழிவறை போக வேண்டுமா, திரும்பிப் படுக்க உதவி வேண்டுமா என்று கேட்டார். தண்ணீர், போன், அழைப்புப் பொத்தான் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை.

பலன்? மணிக்கு ஒருமுறை சுற்றிவந்த பிரிவுகளில் அழைப்புகள் சுமார் 38 சதவீதம் குறைந்தன. நோயாளிகள் கீழே விழுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. யோசித்தால் நியாயம்தான். கூப்பிட்டும் வரவில்லையே என்று தானே எழுந்து கழிவறைக்குப் போகும்போதுதானே பலரும் விழுகிறார்கள்? ஆள் வருவார் என்று உறுதியாகத் தெரிந்தால் கொஞ்சம் பொறுத்திருப்பார்கள்.

இப்போது அந்த விளக்குப் படத்துக்கு வாருங்கள். 1854 நவம்பரில் 38 நர்ஸுகளோடு துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போன நைட்டிங்கேல், இரவில் விளக்கோடு நீண்ட தாழ்வாரங்களில் கட்டில் கட்டிலாகச் சுற்றிவந்தார். அங்கே சிப்பாய்களின் கையில் மணி எதுவும் இல்லை. அவர்கள் கூப்பிடாமலே அவர் வந்தார். முந்தைய ஆண்டு மணிக்காகப் போராடியவரும் அவரே. மணி வேண்டும், சுற்றிவரும் ஆளும் வேண்டும் என்பதை அவர் வாழ்க்கையின் அந்த இரண்டு ஆண்டுகளே சொல்லிவிடுகின்றன.

நம் ஊரில் இந்த வேலையைக் காலங்காலமாகச் செய்துவருபவர் யார் தெரியுமா? கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கும் ‘கூட இருப்பவர்’. அம்மாவோ, மனைவியோ, மைத்துனனோ. அவரே மணி, அவரே விளக்கு, நர்ஸைத் தேடி ஓடும் காலும் அவரே. 2020-இல் கொரோனா வார்டுகளில் கூட இருப்பவருக்கு அனுமதி இல்லாமல் போனபோதுதான், அந்தப் பாய் எவ்வளவு பெரிய ஏற்பாடு என்பது பல குடும்பங்களுக்குப் புரிந்தது.

இனி நம் வீடுகளுக்கு

வீட்டுக்குள் அழைப்பு மணி கொண்டுவருவதும் புதிய யோசனை அல்ல. பிரிட்டனில் மூத்தவர்களுக்கென்றே கட்டிய அடுக்ககங்களில், பல பத்தாண்டுகளுக்கு முன்பே அறைக்கு அறை இழுகயிறு வைத்தார்கள். அதே வளாகத்தில் குடியிருக்கும் ஒரு காப்பாளர் அழைப்பைக் கேட்டு வருவார். 1970-களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பொத்தான் தொலைபேசியோடு இணைந்து வந்தது. பின்னாட்களில் பிரிட்டனின் பல வளாகங்களில் காப்பாளரை எடுத்துவிட்டு, அழைப்பை எங்கோ தூரத்தில் உள்ள மையத்துக்குத் திருப்பினார்கள். மையத்தில் இருப்பவர் பேசுவார், விசாரிப்பார். கதவைத் திறந்து உள்ளே வந்து தூக்கிவிட அவரால் முடியாது. கயிற்றுக்கு நேர்ந்ததும் வேடிக்கை: காலில் தட்டுகிறது, பெருக்க இடைஞ்சல் என்று மேலே சுருட்டிக் கட்டிவிடுவார்கள். விழுந்த அன்று அது எட்டாது.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு வரும் முன், பொத்தானின் விலையோடு இந்தக் கேள்விகளையும் யோசித்து வாருங்கள்:

1. அழைப்பு எங்கே ஒலிக்கும்? மெயின் கேட் செக்யூரிட்டி அறையில் என்றால், இரவில் ஒரே ஒருவர் இருக்கும்போது அவர் கேட்டை விட்டுவிட்டு வரலாமா? அதை எழுத்தில் சொல்லியிருக்கிறோமா?

2. அந்தந்த பிளாக்கில், முடிந்தால் அதே மாடியில், முதலில் போகும் அண்டை வீட்டார் யார்? ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்? நைட்டிங்கேல் மணியை அதே மாடியில் கேட்டதன் காரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் எப்படித் திறப்பது? மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும்?

4. அழைப்பை கேட்டிலிருந்தே அணைக்க முடியுமா? முடியும் என்றால் அந்தக் கருவி வேண்டாம். அந்த வீட்டுக்குள் போய் அணைப்பதாக இருக்க வேண்டும்.

5. குளியலறையில் தரையில் கிடப்பவருக்கு எட்டுமா? கயிறு என்றால் தரை வரை தொங்குகிறதா?

6. மின்வெட்டில் வேலை செய்யுமா? கெட்டுப்போனால் நமக்கு எப்படித் தெரியும்? வாரம் ஒருமுறை அழுத்திப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதப்போவது யார்?

7. தவறுதலாக அழுத்திவிட்டால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. ஒருமுறை “சும்மா ஏன் மாமி அழுத்தினீங்க?” என்று கேட்டுவிட்டால் போதும், நிஜமாகவே விழுந்த அன்றும் அந்த மாமி அழுத்தமாட்டார்.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று. நம் வளாகத்தில் தனியாக இருக்கும் மூத்தவர்கள் ஒவ்வொருவரையும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை யாராவது பார்த்துவிட்டு வருவது என்று முறை வைத்துக்கொள்ளலாம். பால் பாக்கெட் எடுக்கப் போகும் வழியில் கதவைத் தட்டி “காபி ஆச்சா?” என்று கேட்டால் போதும். எத்தனை மணிக்கு வருவோம் என்பதை மட்டும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொத்தானும் வாங்குவோம், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொத்தான் பொருத்தும் ஆள் வர எப்படியும் சில வாரமாகும். கதவைத் தட்டுவதை நாளைக் காலையிலேயே தொடங்கலாம். உங்கள் மாடியில் யார் வீட்டுக்கு நீங்கள் போகிறீர்கள் என்பதை உங்கள் பிளாக் பிரதிநிதியிடம் சொல்லிவிடுங்கள். கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பட்டியல் நம் கையில் இருக்கட்டும்.